ஏரிக்கரை ஏறும் சரளைப் பாதை
கரையை வெட்டாமல் வண்டி ஏற்றும் வகை

திருப்புட்குழி, காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் அருகில் அமைந்த பழம்பதியாகும். ஜடாயு என்னும் புள்ளுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இது என்பது ஸ்தல ஐதீகம். புட்குழி என்னும் பெயரும் அதனால் வந்ததென்பர். விஜயராகவப் பெருமாளைச் சேவிக்க வருவோரும், காஞ்சிக்குப் பட்டுச் சேலை வாங்கச் செல்வோரும் நெடுஞ்சாலை வழியே சிரமமின்றி வந்து போகின்றனர். ஆயின், இச்சுற்றுப்புறத்துக் குடியானவரின் நெல் மூட்டை வயலை விட்டு அந்நெடுஞ்சாலையை அடைவதற்குள் படும் பாடு வேறு. மூட்டை கடக்கவேண்டிய தூரத்தில் மிகக் கடினமான பகுதி ஐம்பது கஜத்திற்கு மேற்படாது. அதுவே ஏரிக்கரை ஏற்றம்.

காஞ்சிபுரம் ஜில்லா பெரும்பாலும் சமவெளி. இங்கே செங்குத்தான சரிவு ஏது என்று வெளியூரார் கேட்கக்கூடும். ஏரிப் பாசனக் கிராமங்களில் ஒவ்வொரு கரையும் ஒரு சிறு மலையே. வயல் மட்டத்திலிருந்து பத்தடியும் அதற்கு மேலும் உயர்ந்து நிற்கும் கரையின் புறச்சரிவு, வழக்கமாக இரண்டடிக்கு ஓரடி என்னும் கணக்கில் ஏறுவது. ஆயக்கட்டில் விளைந்ததெல்லாம் பல ஊர்களில் அக்கரைமேல் ஏறியே ஊர் வந்து சேரவேண்டும். எரு வண்டியும், விதை நெல்லும், அறுவடை இயந்திரமும் அவ்வழியே இறங்கவேண்டும்.

சொர்ணவாரி நெல் அறுவடையாகும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் மாலை மழை எதிர்பாராமல் பெய்வதுண்டு. ஏற்றத்தில் சக்கரம் புதைந்து ஓரிரவு நின்ற டிராக்டரில் உள்ள நெல் நனைந்து போகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது வழக்கமான வரம்பு. ஆகவே நனைந்த நெல்லை மீண்டும் களத்தில் உலர்த்தவேண்டும், அல்லது வந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுக்கவேண்டும். நல்ல விதையிட்டு, உரமிட்டு, நோய் காத்து எடுத்த மகசூலின் லாபத்தில் ஒரு பகுதி இவ்வாறு ஐம்பது கஜச் சேற்றில் போய்விடுகிறது.

இவ்வேற்றத்தில் ஆண்டுதோறும் சரளை கொட்டுவோர் பலர். கொட்டிய சரளை ஐப்பசி கார்த்திகை மழையில் வயலுக்கு இறங்கிவிட, தை மாதத்தில் பழைய பள்ளமே எஞ்சி நிற்கிறது. சரளையின் மீது குறை கூறுவது இவ்விடத்தில் பொருந்தாது. சரிவில் பாதையை அழிப்பது வண்டிச் சக்கரமன்று, நீரே. நீருக்கு வழி விட்டபின் சரளையிட்டால் அது பல்லாண்டு நிற்கும். நீருக்கு வழி விடாமல் எத்தனை வண்டிச் சரளையிட்டாலும் அது ஒரு மழைக் காலத்துச் செலவே.

கரையை வெட்டுவதால் நேரும் கேடு

பாதை அமைக்கும் முறையைக் கூறுமுன், செய்யத்தகாத ஒன்றை முதலில் கூறுதல் அவசியமாகிறது. ஏற்றம் கடினமாயிருப்பதைக் கண்டவர்கள், கரையின் தலையை ஓரிரு அடி வெட்டித் தாழ்த்தி, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளிச் சரிவைக் குறைப்பதுண்டு. ஒரு நாள் வேலையில் வண்டி ஏறிவிடும். ஆனால் அந்நாள் முதல் அவ்வேரியின் கரை முழுவதும் அந்த வெட்டுவாயின் உயரமே உடையதாகிறது. ஒரு மைல் நீளக் கரை எவ்வளவு உயர்ந்திருந்தாலும், பத்தடி அகலத்தில் இரண்டடி தாழ்ந்த இடம் இருந்தால், பெருமழையில் கலங்கல் வழியே போகவேண்டிய மிகுநீர் அத்தாழ்விடத்தையே தேடி வரும். மண் கரைமேல் வழிந்த நீர் அங்கு நில்லாது. புறச்சரிவை அரித்து, சில மணி நேரத்தில் உடைப்பாகப் பெருகும். வண்டிக்காக வெட்டிய வாயில் வழியே ஏரி முழுவதும் ஆயக்கட்டின்மேல் இறங்கும்.

2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த ஜில்லாவில் பெய்த பெருமழையையும், ஏரிகள் நிரம்பி வழிந்ததையும், பல கரைகள் உடைப்பெடுத்ததையும் கண்டவர்கள் இன்னும் மறந்திலர். அத்தகைய மழை ஆண்டுதோறும் வாராது. ஆனால் வரும் ஆண்டு இதுவென்று முன்னறிவித்தும் வாராது. கரையை ஓரடி தாழ்த்தியவன் அம்மழைக்கு இடத்தைக் குறித்துக் கொடுத்தவனாகிறான்.

வெட்டாத கரையிலும் இக்கேடு மெல்ல வருவதுண்டு. ஒரே இடத்தில் வண்டி ஏறி இறங்க, சக்கரம் ஆண்டுக்கு ஓரிரு அங்குலம் மண்ணைத் தேய்த்துவிடும். பத்தாண்டில் கரை ஓரடி தாழ்ந்திருக்கும். தினந்தோறும் பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது. ஆகையால் கரையை வெட்டி வண்டியை ஏற்றாமல், கரையின் வெளிப்புறத்தில் மண் அணைத்து, நீண்ட சாய்வுப் பாதை அமைத்து ஏற்றுவதே தக்க முறையாகும். ஒழுங்காக அமைந்தால் அப்பாதை கரைக்கு ஓர் அணைப்புமாகும்.

ஏற்றத்தின் அளவு

மலைப் பாதைகளை நோக்கினால் இதன் தத்துவம் விளங்கும். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகளும், கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகளும் உள்ளன. ஏறவேண்டிய உயரத்தை எவராலும் குறைக்க முடியாது. பாதையின் நீளத்தைக் கூட்டி ஏற்றத்தைத் தணிக்கலாம் என்பதே அவ்வளைவுகளின் பொருள். 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுகளின்படி, சமவெளிச் சாலைகளில் முப்பதடிக்கு ஓரடியும், மலைச் சாலைகளில் இருபதடிக்கு ஓரடியும் பொதுவான ஏற்றமாகும். சமவெளியில் வேறு வழியில்லாத குறுகிய இடங்களில் பதினைந்தடிக்கு ஓரடி வரை அனுமதிப்பதுண்டு. ஏரிக்கரை ஏற்றம் குறுகியதாகையால், பதினைந்துக்கு ஒன்று என்பதையே கொள்ளலாம். கரை பத்தடி உயரமாயின் பாதை 150 அடி நீளமாகும்.

பாரத்துடன் 1,000 கிலோ எடையுள்ள மாட்டு வண்டி ஒன்றைக் கருதுக. ஐந்துக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில், சரிவுக்காக மட்டும் மாடுகள் ஏறக்குறைய 200 கிலோ அளவு கூடுதலாக இழுக்கவேண்டும். பதினைந்துக்கு ஒன்றாயின் அது 67 கிலோவே. ஒரு ஜோடி எருதுகள் தொடர்ந்து இழுக்கக்கூடியது அவற்றின் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 800 கிலோ எடையுள்ள ஜோடிக்கு 80 கிலோ. முதல் ஏற்றத்தில் மாடு மண்டியிடுவதற்கும் இரண்டாவதில் நடந்து ஏறுவதற்கும் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. டிராக்டருக்கும் இது பொருந்தும். செங்குத்தான ஏற்றத்தில் அதன் சக்கரம் சுழன்று சரளையைப் பின்னே வாரியெறிகிறது. தணிந்த ஏற்றத்தில் சரளையை மிதித்து இறுக்குகிறது.

பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்றத்தில் சரளை நெடுநாள் நில்லாது. இடமின்மையால் எட்டுக்கு ஒன்று என்று அமைக்க நேரிடின், சரளையை நம்பாமல் சக்கரத் தடம் இரண்டிலும் கருங்கல் பாவுதலோ, கான்கிரீட் பட்டை இடுதலோ வேண்டும்.

ஏற்றத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பத்தடி நீளமுள்ள நேரான மரச்சட்டமும் கொத்தனாரின் ரசமட்டமும் போதும். சட்டத்தின் மேல்முனை தரையில் படிய, கீழ்முனையை உயர்த்தி மட்டம் பார்த்தால், கீழ்முனைக்கும் தரைக்கும் இடையே எட்டு அங்குலம் இருப்பின் ஏற்றம் பதினைந்துக்கு ஒன்றாகும். பத்தடிக்கு ஒரு முளை அடித்து, முளைகளுக்குக் கயிறு கட்டி, கயிற்றின்படி மண்ணிடவேண்டும்.

இடமும் அனுமதியும்

ஏரிக்கரை எவருக்கும் சொந்தமான நிலமன்று. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளவை. ஏரிகளையும் கரைகளையும் காக்க 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆகவே கிராம நிர்வாக அலுவலர் வாயிலாக விண்ணப்பித்து, உரிய பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு எழுத்து மூலம் அனுமதி அளித்த பின்னரே வேலை தொடங்கவேண்டும். ஏரியிலிருந்து மண்ணும் சரளையும் எடுப்பதற்கு 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்படி அனுமதி தனியே பெறவேண்டும். நீர்ப்பாசனச் சங்கம் உள்ள ஊர்களில் சங்கத்தின் தீர்மானத்தை விண்ணப்பத்துடன் இணைத்தல் நலம்.

இடந் தெரியும்போது கவனிக்கவேண்டியவை நான்கு. முதலாவது, மதகுக்கும் கலங்கலுக்கும் அருகில் பாதை அமைத்தலாகாது. இரண்டாவது, ஏரி நிறைந்திருக்கும்போது கரையடியில் நீர்க்கசிவு காணும் இடத்தை விலக்கவேண்டும்; கசியும் வாயைக் களிமண்ணால் மூடினால் நீர் உள்ளே தேங்கிக் கரையை இளக்கும். மூன்றாவது, கரைமேல் ஏறிய வண்டி ஊரை நோக்கி எத்திசையில் செல்லுமோ, அத்திசை நோக்கியே பாதை ஏறவேண்டும். இல்லையேல் பாரத்துடன் குறுகிய கரைமேல் திரும்ப நேரிடும். நான்காவது, பாதை கரையின் வெளிப்புறத்திலேயே இருக்கவேண்டும். நீர்ப்புறத்தில் அமைத்தால் அலை அரிக்கும்.

மண் அணைத்தல்

பத்தடி அகலம் வண்டித்தடம், இருபுறமும் இரண்டிரண்டு அடி ஓரம், ஆக மேல் அகலம் பதினான்கு அடி கொள்க. புதிய மண்ணின் வெளிச்சரிவும் கரையின் சரிவைப் போலவே இரண்டுக்கு ஒன்றாயின், மண் கணக்கு எளிது. சராசரி உயரம் ஐந்தடி, அகலம் பதினான்கு, நீளம் 150. இவற்றைப் பெருக்க 10,500 கன அடி, அதாவது 105 யூனிட் ஆகும். இறுகும்போது மண் குறைவதால், அதற்கும் சேர்த்து நான்கில் ஒரு பங்கு மிகுதியாகக் கொணரவேண்டும்.

முதலில் கரைச்சரிவில் உள்ள புல், முள், வேர் யாவும் அகற்றுக. பின்னர் பாதை படியும் இடத்தில் மட்டும் ஓரடிக்கு மேற்படாத சிறு படிகள் வெட்டுக. பழைய வழவழப்பான சரிவின்மேல் மண்ணைச் சும்மா கொட்டினால், மழையில் அது போர்வை போல நழுவிவிடும். படியில் அமர்ந்த மண் கரையோடு பிணைந்து நிற்கும். இப்படி வெட்டும் வேலை, ஏரி வற்றிய கோடையில் மட்டுமே செய்யத்தக்கது. வெட்டிய அன்றே மண்ணிட்டு நிரப்பவேண்டும்.

மண், களியும் மணலும் கலந்த செம்மண்ணாக இருத்தல் நன்று. கரிசல் வண்டல் கோடையில் பிளந்து மாரியில் இளகும், பாதைக்கு ஆகாது. வீடு இடித்த கப்பியும் குப்பையும் இடுதல் தவறு. அவற்றின் இடுக்கில் நீர் புகுந்து எலிவளைக்கும் உடைப்புக்கும் இடமாகும். கரையடியிலேயே குழி தோண்டி மண் எடுப்பது எல்லாவற்றினும் பெருந்தவறு. அது ஒருபுறம் அணைத்து மறுபுறம் வேரறுப்பதாகும்.

ஆறு முதல் ஒன்பது அங்குல கனமாக மண்ணைப் பரப்பி, கட்டி உடைத்து, நீர் தெளித்து, திமிசுக் கட்டையாலோ உருளையாலோ இறுக்கியபின் அடுத்த வரி இடவேண்டும். ஈரம் சரியா என்று அறிய, ஒரு பிடி மண்ணை அழுத்துக. உருண்டையாகி, கையில் ஒட்டாமல் இருப்பின் அதுவே பதம். டிராக்டரை வரிதோறும் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கலாம். தடம் மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். மாசி பங்குனியில் மண் வேலை முடிந்தால், கோடை முழுவதும் அது அமர்ந்து, ஆடி மாதத்தில் சரளையை ஏற்க ஆயத்தமாகும்.

கரையின் தலையைப் பாதை சேரும் இடத்தில் வண்டி திரும்ப இருபதடி அகலம் வேண்டும். அதையும் வெட்டாமல் மண்ணிட்டே பெருக்குக. அவ்விடத்துக் கரை, இருபுறத்துக் கரையைக் காட்டிலும் ஆறு அங்குலம் உயர்ந்திருக்கும்படி செய்தல் இன்றியமையாதது. சக்கரம் தேய்க்கும் தேய்வுக்கு இவ்வுயரம் ஈடாகும்.

நீரை வெளியேற்றுதல்

150 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள தடத்தின்மேல் ஒரு நாளில் நான்கு அங்குல மழை பெய்தால், அத்தடம் மட்டும் ஏற்கும் நீர் 500 கன அடி, அதாவது 14,000 லிட்டருக்கு மேல். கரைச்சரிவிலிருந்து இறங்கும் நீர் இதனில் சேராது. இவ்வளவும் தடத்தின் வழியே கீழ்நோக்கி ஓடினால், இறங்க இறங்க வேகமும் அளவும் பெருகும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை அறுபத்துநான்கு மடங்காகும் என்பது நீரியல் விதி. மேலே மணலை மட்டும் நகர்த்திய நீர், கீழே முட்டையளவு கல்லையும் புரட்டுவது இதனாலேயாகும்.

ஆகவே நீர் நீளவாட்டில் ஓடாமல், குறுக்கே விரைவில் தடத்தை விட்டு வெளியேறவேண்டும். இதற்குத் தடத்தை வெளிப்புறமாக, இருபத்தைந்தடிக்கு ஓரடி கணக்கில் சாய்க்கவேண்டும். பத்தடி அகலத்தில் இது சுமார் ஐந்து அங்குலச் சாய்வு. பதினைந்துக்கு ஒன்று ஏறும் பாதையில் இச்சாய்வு இருந்தால், உட்புற ஓரத்தில் விழுந்த துளி பதினேழு அடி கீழிறங்குவதற்குள் வெளியோரத்தை அடைந்துவிடும். சாய்வில்லையேல் அத்துளி 150 அடியும் ஓடும்.

சக்கரத்தடம் சிறிது பதிந்துவிட்டால் இச்சாய்வு பயனற்றுப்போகும், தடமே வாய்க்காலாகிவிடும். அதனைத் தடுக்க, முப்பது அடிக்கு ஒன்றாக நான்கு கல் வரிசைகள் குறுக்கே பதிக்கவேண்டும். ஓரடி ஆழம் புதைந்து, இரண்டு அங்குலம் மட்டும் மேலே தெரியுமாறு கருங்கற்களை நெருக்கமாக நட்டு, வெளியோரத்தை நோக்கிக் கீழ்ச்சாய்வாக அமைத்தால், தடத்தில் வரும் நீர் அக்கல்லில் முட்டி வெளியே திரும்பும். மேலுள்ள சரளை இறங்காமல் தாங்குவதும் அவ்வரிசையே. ஒவ்வொரு வரிசையும் நீரை விடும் இடத்தில், வெளிச்சரிவில் வயல் வரை கல் பாவவேண்டும். இல்லையேல் அவ்விடம் அரிக்கும்.

கரைச்சரிவிலிருந்து வரும் நீரைத் தாங்க, உட்புற ஓரத்தில் ஒன்றரை அடி அகலத்தில் ஆழமற்ற கல் காலுவாய் வேண்டும். அதனைக் கரையடியில் தேங்கவிடாமல் வடிகாலுக்குக் கொண்டு செல்க. பாசன வாய்க்காலில் விட்டால் வண்டல் அடைத்துக்கொள்ளும். வெளிச்சரிவில் அருகம்புல் கரணை பதித்து, அடியில் வெட்டிவேர் வரிசை நட்டால் மண் பிடிப்புறும். மரம் வைத்தலாகாது, பெருவேர் செத்து மக்கியபின் அவ்வழியே நீர் புகும். வெளியோரத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக ஓரக்கல் நட்டால், இரவில் வரும் வண்டி தடம் புரளாது. கற்களின் இடைவெளி நீர் வெளியேறவும் இடம் தரும்.

சரளை தெரிதலும் பரப்புதலும்

ஸ்காட்லாந்து தேசத்தவராகிய ஜான் லௌடன் மக்கடம் (1756–1836) சாலைக் கலையில் ஒரு புதுமுறை வகுத்தார். அடிமண் ஈரமின்றி இருப்பின் அதுவே எப்பாரத்தையும் தாங்கும். மேலிடும் கல் அதற்கு ஒரு கூரை போன்றது என்பது அவர் கொள்கை. உருண்ட கல்லை விலக்கி, ஆறு அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம், எடைக்கு மேற்படாத உடைகல்லையே அவர் கொண்டார். கூரிய மூலைகள் ஒன்றையொன்று பற்றி இறுகும் என்பதே காரணம். ஆற்றுக் கூழாங்கல் சரிவுப் பாதைக்கு ஆகாது என்பதற்கும் இதுவே காரணம். அது சக்கரத்தின் கீழ் உருண்டோடும்.

நல்ல சரளையில் கல், மணல், களி மூன்றும் அளவோடு இருக்கும். ஒரு கலவைக்குக் கல் ஐந்து அல்லது ஆறு பங்கும், மணல் மூன்று பங்கும், களி ஒரு பங்கும் ஏற்றது. களி குறைந்தால் கோடையில் கலைந்து சிதறும். மிகுந்தால் மழையில் வழுக்கும். இதனை அறிய, சரளையைச் சல்லடையில் சலித்து, பொடியைக் கண்ணாடிப் புட்டியில் பாதியளவு இட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி வைக்க. மணல் ஒரு நிமிஷத்திற்குள் அடியில் படியும். களி அதன்மேல் மெல்லப் படியும். மறுநாள் காலையில், மணல் மூன்று விரல் இருக்கும்போது களி ஒரு விரல் அளவு இருப்பின் சரளை தக்கதே. களி மிகுந்த சரளையில் கருங்கல் சல்லியும், களி குறைந்ததில் செம்மண்ணும் கலந்து சரிப்படுத்தலாம். செம்பூரான் கல் சரளை கிடைக்கும் இடங்களில் அது நன்கு இறுகிப் பிடிப்பதாகும்.

மண் வேலை கோடையில் அமர்ந்தபின், ஆடி ஆவணியில் ஓரிரு மழை பெய்து தரை ஈரமுற்றதும் சரளையிடுக. இறுகியபின் ஆறு அங்குல கனம் இருக்கவேண்டும். 150 அடி நீளத்திற்கு 750 கன அடி. தளர்ந்த சரளை இறுகும்போது சுமார் நான்கில் ஒரு பங்கு குறைவதால், 1,000 கன அடி, அதாவது 10 யூனிட் வேண்டும். இதனை ஒரே முறையாகக் கொட்டாமல், தளர்ந்த நிலையில் நான்கு அங்குலமாக இரு வரியிட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து, கீழிருந்து மேலாக உருளை ஓட்டி இறுக்குக. வெளிச்சாய்வு ஐந்து அங்குலம் ஒவ்வொரு வரியிலும் காக்கப்படுகிறதா என்று மரச்சட்டத்தால் பார்த்துக்கொள்க. வேலை முடிந்து ஒரு வாரம் கனத்த வண்டிகளை விடலாகாது. அதன்பின் சில நாள் தடம் மாற்றி ஓட்டச் செய்க. ஐப்பசி அடைமழைக்குள் பாதை இறுகி நிற்கும்.

பராமரிப்பு

சரளைப் பாதை கட்டி முடிப்பதன்று, ஆண்டுதோறும் காக்கவேண்டியது. வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது பழமொழி. பாதையின் அருகில் அரை யூனிட் சரளை எப்போதும் குவித்திருக்கட்டும். ஒவ்வொரு பெருமழை ஓய்ந்ததும், மண் ஈரமாயிருக்கும்போதே ஒரு ஆள் மண்வெட்டியுடன் சென்று, ஓரம் ஒதுங்கிய சரளையைத் தடத்திற்கு இழுத்து, பள்ளத்தை நிரப்பி மிதிக்கவேண்டும். ஒரு கூடைச் சரளையால் அடைபடும் பள்ளத்தைக் காயவிட்டால், மறுமழைக்கு ஒரு வண்டி வேண்டும். கல் வரிசையின் வாயும் காலுவாயும் அடைபடாமல் பார்த்தல் அவ்வாளின் பிரதான வேலை.

புரட்டாசி மாதத்தில் ஒருமுறை, கரையின் தலை உயரத்தை அளந்து பார்த்தல் கிராம அதிகாரிகளும் சங்கத்தாரும் தவறாது செய்யவேண்டிய காரியம். ஏற்றத்தின் இருபுறமும் ஐம்பதடி தூரத்தில் கரைமேல் முளையடித்துக் கயிறு கட்டினால், நடுவில் கரை தாழ்ந்திருப்பது உடனே புலப்படும். தாழ்ந்திருப்பின், அவ்வாரமே மண்ணிட்டு இறுக்கி, கயிற்றுக்கு மேல் ஆறு அங்குலம் உயர்த்துக.

ஊராரின் கடமை

இந்த ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுக்கள், ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்னும் குழு இருந்ததையும் அதற்கு அங்கத்தினரைக் குடவோலையால் தேர்ந்த விதியையும் தெரிவிக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏரியைக் காப்பது தனி மனிதன் வேலையன்று, ஊரின் வேலை என்று முன்னோர் உணர்ந்திருந்தனர். 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பெற்றபோதும் அக்கருத்தே அடிப்படையாயிற்று.

கரை ஏற்றமும் அவ்வாறே. அதன் வழியே தம் நெல்லை ஏற்றும் நிலக்காரர் ஒவ்வொருவரும், தமக்கு வசதியான இடத்தில் தனித்தனியே வாயில் திறந்துகொண்டால், கரை முழுவதும் பல்லிழந்த வாய் போலாகும். ஓர் ஆயக்கட்டுக்கு ஒன்றோ இரண்டோ ஏற்றம் போதும். ஊரார் கூடி இடத்தைத் தெரிந்து, அனுமதி பெற்று, நிலத்தின் அளவுக்கேற்பச் செலவைப் பகிர்ந்து, மண்ணால் உயர்த்தி, நீருக்கு வழி விட்டு, அதன் பின்னரே சரளையிட்டால், வயலில் விளைந்த நெல் நனையாமல் களத்தையும் கொள்முதல் நிலையத்தையும் சேரும். அடுத்த பெருமழை வரும் இரவிலும், ஏரி நிறைந்து நிற்க, மிகுநீர் கலங்கல் வழியே போய்க்கொண்டிருக்க, கரையின்மேல் தாழ்ந்த வாய் ஒன்றும் இல்லை என்னும் தைரியத்துடன் ஊரார் உறங்கலாம்.